பூண்டு 300 சதவீதம் ஏறி 300 சதவீதம் இறங்குமா?

11 மார்ச் 2025, காலை. பூம்பாறை வாசகரின் கேள்வி

எங்கள் தோட்டத்துப் பூண்டு கிலோ 100 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. போன வருஷக் கடைசியில் 400 வரை ஏறியது. இப்போது மறுபடி 100-க்குத்தான் கேட்கிறார்கள். வாங்க வந்த வியாபாரி, “ஏறும்போது 300 சதவீதம் ஏறிச்சு, இறங்கும்போது 300 சதவீதம் இறங்கிருச்சு. கணக்கு நேராயிருச்சு தம்பி, வருத்தப்படாதே” என்கிறார். எங்கேயோ இடிக்கிறது. எங்கே என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கொடைக்கானல் பக்கம் கேட்டால் ஆளுக்கொரு பதில். யாராவது சொல்லுங்கள்.

11 மார்ச், இரவு

தம்பி, இறக்கம் 75 சதவீதம். 300 இல்லை.

400 ரூபாய்ப் பூண்டு நிஜமாகவே 300 சதவீதம் இறங்கினால் 1,200 ரூபாய் இறங்க வேண்டும். அதாவது நீ பூண்டையும் கொடுத்து, கிலோவுக்கு 800 ரூபாயும் எண்ணி வைத்து, வியாபாரியை வண்டி ஏற்றிவிட வேண்டும். அவருக்கு அந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும்.

12 மார்ச்

நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் எழுதியது. இன்று கொஞ்சம் விரிவாக.

நான் நீலகிரியில் கேத்தி பாலாடா. எங்களுக்குக் கேரட், கொஞ்சம் பீட்ரூட். தோட்டம் வீட்டுக்காரர் பொறுப்பு, சிட்டை, அதாவது விற்ற கணக்குச் சீட்டு, என் பொறுப்பு. மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து வரும் சிட்டையைப் பத்தொன்பது வருஷமாக நோட்டில் ஒட்டி வருகிறேன், அதனால் இந்த ஏற்ற இறக்கம் எனக்குக் கையோடு பழக்கம்.

முறை ஒன்றும் பெரிதில்லை. புது விலையில் பழைய விலையைக் கழி. வந்ததைப் பழைய விலையால் வகு. நூறால் பெருக்கு. இதில் எல்லாரும் சறுக்குவது அந்த இரண்டாவது படியில்தான், எதால் வகுப்பது என்பதில். ஏறும்போது பழைய விலை 100, ஆக 300-ஐ 100-ஆல் வகுத்தால் 300 சதவீதம். இறங்கும்போது பழைய விலை 400. அதே 300 ரூபாயை 400-ஆல் வகுத்தால் 75. ரூபாய் ஒன்றுதான், நிற்கிற படி வேறு.

வியாபாரி ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். ரூபாயில் பார்த்தால் கணக்கு நேர்தான், 300 ஏறி 300 இறங்கியது. அதற்குச் சதவீதம் என்று பெயர் வைத்தபோதுதான் கோணல் வந்தது.

எனக்கு வசதியான வழி, சதவீதத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு “எத்தனை மடங்கு?” என்று கேட்பது. நான்கு மடங்கானது, அப்புறம் கால்வாசியானது. நாலும் காலும் பெருக்கினால் ஒன்று. பழைய இடத்துக்கு வந்துவிட்டோம். சதவீதத்தில் இந்த அழகு கிடையாது. 20 சதவீதம் இறங்கினால் மீள 25 ஏற வேண்டும். 50 இறங்கினால் 100 ஏற வேண்டும். 75-க்கு 300. 90-க்கு 900. இறங்குகிற வழி குட்டை, ஏறுகிற வழி நீளம். மேட்டுப்பாளையத்துக்குப் போவதும் அங்கிருந்து வருவதும் போலத்தான்.

15 மார்ச்

“அப்படியென்றால் எதுவுமே 100 சதவீதத்துக்கு மேல் இறங்காதா அக்கா?” என்று கூடலூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். இறங்காது என்று எழுத உட்கார்ந்தேன். நோட்டைப் புரட்டியதும் கை நின்றுவிட்டது.

விலை இறங்காது. ஆனால் நம் கைக்கு வருவது இறங்கும்.

என் நோட்டில் அடுத்தடுத்த மாதத்துச் சிட்டைகள் இரண்டு. இரண்டிலும் 20 மூட்டை, ஆயிரம் கிலோ. முதல் லோடு கிலோ 30-க்குப் போயிற்று. 30,000 ரூபாய். கமிஷன் நூற்றுக்குப் பத்து, 3,000 போயிற்று. பறிக்கிற கூலி, மெஷினில் கழுவுகிற கூலி, சாக்கு, லாரி எல்லாம் சேர்ந்து 6,000. கையில் நின்றது 21,000.

இரண்டாவது லோடு கிலோ 6. மொத்தம் 6,000, கமிஷன் 600. கூலியும் லாரியும் அதே 6,000. கேரட் 30 ரூபாய் விற்றாலும் 6 ரூபாய் விற்றாலும் லாரிக்கு எடை ஒன்றுதானே. சிட்டையின் அடியில் 600 ரூபாய் பற்று. கேரட்டை விற்றதற்கு நாங்கள் பணம் கொடுத்தோம்.

இப்போது கணக்குப் போடுங்கள். 30-லிருந்து 6, விலை இறக்கம் 80 சதவீதம். 21,000-லிருந்து கழித்தல் 600, வருமான இறக்கம் 21,600. அதை 21,000-ஆல் வகுத்தால் 103 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே.

ஆக கூடலூர்த் தம்பிக்குப் பதில்: இறங்கும், எங்கள் வீட்டில் இறங்கியிருக்கிறது. 11-ஆம் தேதி வியாபாரியைக் கிண்டல் செய்து எழுதினேன் இல்லையா, பூண்டையும் கொடுத்துப் பணத்தையும் கொடுப்பது என்று. அது எங்களுக்கே நடந்ததுதான். வீட்டுக்காரர் படித்துவிட்டு, “அதை எதுக்கு ஊருக்கெல்லாம் சொல்ற?” என்றார். சொல்லியாயிற்று.

16 மார்ச்

மேலே விட்டுப்போனது. விலை 30-லிருந்து 18 ஆனால் இறக்கம் 40 சதவீதம். கையில் நிற்பது 10,200. வருமான இறக்கம் 51. சந்தையில் பாதி விலைகூட இறங்கவில்லை, வீட்டில் பாதிக்கு மேல் போயிற்று. தொலைக்காட்சியில் “கேரட் விலை 40 சதவீதம் சரிவு” என்று சொல்லும்போது நாங்கள் ஏன் அதைவிட அதிகமாகக் கத்துகிறோம் என்பதற்கு இதுதான் காரணம்.

2 ஏப்ரல்

பெரியப்பா அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். போன வாரம் அகவிலைப்படியை 53-லிருந்து 55 ஆக்கியதாக அறிவிப்பு வந்தது, ஓய்வூதியக்காரர்களுக்கும் அதே அளவு நிவாரணம். “ரெண்டு சதவீதம் கூட்டியிருக்காங்க” என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அடிப்படை ஓய்வூதியம் 20,000 என்று வைத்துக்கொள்வோம். 53 சதவீதத்தோடு 30,600 வந்துகொண்டிருந்தது. 55 சதவீதத்தோடு 31,000 வரும். கூடியது 400. அது 30,600-ல் 1.3 சதவீதம்தான். 53-க்கும் 55-க்கும் நடுவில் இருப்பது இரண்டு புள்ளி, இரண்டு சதவீதம் இல்லை. சதவீதத்திலிருந்து சதவீதத்தைக் கழித்தால் வருவதைப் புள்ளி என்று சொல்லிப் பழகினால் பாதிச் சண்டை குறையும்.

பெரியப்பா கேட்டுவிட்டு, “நானூறு ரூபா வருதா வரலையா?” என்றார். வரும் என்றேன். “அப்ப போய் டீ போடு” என்றார்.

9 ஏப்ரல்

சமையல் எரிவாயு நேற்றிலிருந்து 50 ரூபாய் கூடியிருக்கிறது. ஊருக்கு ஊர் விலை கொஞ்சம் மாறும் என்பதால் எல்லாருக்கும் தெரிந்த சென்னை விலையையே எடுத்துக்கொள்கிறேன். 818.50 இருந்தது 868.50. ஏற்றம் 6.1 சதவீதம்.

இதைப் பார்த்ததும் பாட்டி ஞாபகம் வந்தது. அவர் சதவீதம் என்ற சொல்லையே சொன்னதில்லை. “ரூபாய்க்கு ஓரணா ஏறிருச்சு” என்பார். ரூபாய்க்குப் பதினாறு அணா, ஆக ஓரணா என்பது 6.25 சதவீதம். 1957-ல் புதுக் காசு வந்த பிறகும் அவர் சாகும்வரை அணாவில்தான் விலைவாசியைத் திட்டினார். எரிவாயு இப்போது கிட்டத்தட்ட ரூபாய்க்கு ஓரணா ஏறியிருக்கிறது.

அதற்கு முன்னால் இறங்கியதையும் பார்ப்போம். 2023 ஆகஸ்ட் கடைசியில் 1,118.50-லிருந்து 918.50, இறக்கம் 17.9. 2024 மார்ச்சில் 818.50, இறக்கம் 10.9. இரண்டும் சேர்த்து 28.8 இறங்கி, இப்போது 6.1 ஏறி, மொத்தத்தில் 22.7 சதவீதம் இறக்கம்.

10 ஏப்ரல்

தப்பு. மொத்த இறக்கம் 22.35. 1,118.50-க்கும் 868.50-க்கும் நடுவில் 250 ரூபாய், அதை 1,118.50-ஆல் வகுத்தால் முடிந்தது. நான் மூன்று சதவீதங்களைக் கூட்டிக் கழித்தேன். ஒவ்வொன்றுக்கும் அடி, அதாவது வகுக்கிற பழைய விலை, வேறாக இருக்கும்போது கூட்டவே கூடாது என்று நானே 12 மார்ச்சில் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு. சுட்டிக்காட்டிய மஞ்சூர் அண்ணாவுக்கு நன்றி, “ஆசிரியருக்கே பாடமா” என்ற அந்தச் சிரிப்புப் படத்துக்கு நன்றி கிடையாது.

இங்கே வித்தியாசம் சின்னது, தப்பித்தேன். கேரட்டில் செய்திருந்தால் மாட்டியிருப்பேன். 50 சதவீதம் ஏறி 50 சதவீதம் இறங்கினால் கூட்டிப் பார்த்தவருக்குப் பூஜ்யம். உண்மையில் 40 ரூபாய் 60 ஆகி, 60 ரூபாய் 30 ஆகியிருக்கும். கால்வாசி காணோம்.

4 மே

சுற்றுலா சீசன் வந்துவிட்டது. வீட்டிலிருந்து சந்தைக்குப் போக வழக்கமாக ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஆகிறது. இதற்கு யாரும் சதவீதம் கேட்கவில்லை.

இ-பாஸ் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். இந்த ஏப்ரலிலிருந்து ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்திருக்கிறது. விடுதி வைத்திருப்பவர் “வார நாளில் 25 சதவீதம் குறைவு” என்கிறார், நம் வாசகர் “சனி ஞாயிறில் 33 சதவீதம் அதிகம்” என்கிறார். இரண்டும் ஒரே செய்தி. யாருக்கு எந்த வாக்கியம் வசதி என்பதுதான் வேறு.

சந்தைப் பக்கத்து டீக்கடையில் 15 ரூபாய் டீயை 20 ஆக்கிவிட்டார். நான் 33 சதவீதம் என்றேன். கடைக்காரர் 25 என்றார். அஞ்சை இருபதால் வகுக்கிறீர்கள் அண்ணா, பதினைந்தால் வகுக்க வேண்டும் என்றேன். “நாங்க வியாபாரத்துல இப்படித்தான் வகுப்போம்” என்று பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

6 மே

டீக்கடைக்காரர் சொன்னது இரண்டு நாளாக உறுத்துகிறது. வியாபாரத்தில் அப்படி வகுக்கிற இடம் உண்டு. 80-க்கு வாங்கி 100-க்கு விற்றால் லாபம் 20. வாங்கிய விலைமேல் 25 சதவீதம், விற்ற விலைமேல் 20 சதவீதம். கல்லாவில் விழுவது விற்ற விலை என்பதால் கடைக்காரர்கள் பலரும் விற்ற விலைமேல்தான் யோசிக்கிறார்கள். கல்லாவில் விழும் நூற்றில் எவ்வளவு நமக்கு என்பது அவர்களுக்கு வேண்டிய கேள்வி. அது தப்பில்லை.

ஆனால் நான் கேட்டது லாபம் எவ்வளவு என்று இல்லை, விலை எவ்வளவு ஏறியது என்று. அதற்கு அடி 15-தான். ஆகையால் நான்தான் சரி. இருந்தாலும் அந்த அண்ணாவுக்குக் கணக்கு வராது என்று மனதுக்குள் நினைத்ததை வாபஸ் வாங்குகிறேன்.

19 மே

டீயிலேயே இருக்கிறோம். அதே கடையில் 2015-ல் டீ 7 ரூபாய். சீசன் கூட்டத்துக்கு முந்தைய விலை 15. பத்து வருஷத்தில் 114 சதவீதம். வருஷத்துக்கு எவ்வளவு என்று எங்கள் மகளிர் குழுவில் பேச்சு வந்தது. ஒருத்தி உடனே 114-ஐப் பத்தால் வகுத்து 11.4 என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

குழுவில் இருப்பவர்களுக்கு வட்டி தெரியும், அதனால் அந்த வழியாகவே போனேன். ரெண்டு வட்டிக்கு வாங்கினால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், வருஷத்துக்கு 24. அது வட்டியை மாதாமாதம் கட்டினால். கட்டாமல் விட்டு, வட்டி அசலில் ஏறிக்கொண்டே போனால் வருஷக் கடைசியில் 24 இல்லை, 26.8. இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, இரண்டு பேர் அனுபவித்திருக்கிறார்கள். விலையும் அப்படித்தான், வட்டி கட்டாமல் விட்ட கடன். இந்த வருஷ ஏற்றம் போன வருஷம் ஏறிய விலையின் மேல் உட்காருகிறது. ஆக 11.4 ஏறினால் பத்து வருஷத்தில் 7 ரூபாய் டீ 20-ஐத் தாண்டியிருக்கும். 15-ல் நிற்க வருஷத்துக்கு 7.9 போதும்.

7.9 எப்படி வந்தது என்றால் கைப்பேசியில் 15-ஐ 7-ஆல் வகுத்துப் பத்தாம் மூலம் எடுத்தேன். அது வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: 72-ஐ வருஷ ஏற்றத்தால் வகுத்தால் எத்தனை வருஷத்தில் இரட்டிப்பாகும் என்று வரும். 72-ஐ 8-ஆல் வகுத்தால் 9. ஒன்பது வருஷத்தில் 7 ரூபாய் 14 ஆகும், பத்தாவது வருஷம் 15. பொருந்துகிறது பாருங்கள்.

20 மே

கடையில் கண்ணாடி டம்ளரும் மாறியிருக்கிறது என்று மஞ்சூர் அண்ணா சொல்கிறார். முன்பு பூப்போட்ட பெரிய டம்ளர், இப்போது காகிதக் கப். அப்படியானால் மேலே போட்ட கணக்கு முழுக்கக் குப்பை. 7 ரூபாய் எத்தனை மில்லிக்கு, 15 ரூபாய் எத்தனை மில்லிக்கு என்று தெரியாமல் ஏற்றத்தைச் சொல்லவே முடியாது.

27 ஜூன்

டம்ளர் விஷயம் மனதில் இருந்ததால் பையனின் புத்தகப்பையில் கிடந்த பழைய பிஸ்கட் உறையை எடுத்துப் பார்த்தேன். எந்தக் காலத்து உறையோ, அடியில் பென்சில் தூளோடு ஒட்டிக் கிடந்தது. 10 ரூபாய், 80 கிராம். இன்று வாங்கிய அதே 10 ரூபாய் உறையில் 55 கிராம். முன்பக்கம் எல்லாம் அச்சு அசல் ஒன்று, சிரிக்கிற குழந்தை உட்பட. கிராம் மட்டும் பின்பக்கத்து ஓரத்தில், எறும்பு எழுத்தில்.

விலை ஏற்றம் பூஜ்யம் என்பான் பையன். எடைக் குறைவு 31 சதவீதம். ஆனால் விலை ஏற்றம் 31 இல்லை. முன்பு ஒரு கிராம் 12.5 காசு, இப்போது 18.2 காசு. ஏற்றம் 45 சதவீதம். பூம்பாறைத் தம்பியின் பூண்டுக் கணக்கு தலைகீழாக வந்து நிற்கிறது, இறங்கியது எடை, ஏறியது விலை.

இப்போது பாக்கெட்டில் கிராமுக்கு என்ன விலை என்றும் அச்சடிக்கிறார்கள். அதைப் பாருங்கள். வயது நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

11 ஜூலை

பஸ் கட்டணம் பற்றிக் கேட்டவருக்கு. 2018 ஜனவரி 20-ல் சாதாரணப் புறநகர்ப் பஸ்ஸுக்குக் கிலோமீட்டர் 42 காசிலிருந்து 60 காசானது. 43 சதவீதம். ஊரெல்லாம் மறியல். ஒன்பதே நாளில் 58 காசாகக் குறைத்தார்கள். குறைத்தது 3.3 சதவீதம். கடைசியில் நின்ற ஏற்றம் 38. அந்த வாரம் எங்கள் ஊரில் “குறைச்சுட்டாங்க” என்று சொன்னவர்கள் யாரும் 42-ஐ மறுபடி பேசவில்லை. 60 என்ற எண் ஒன்பது நாள் இருந்துவிட்டுப் போனதில், எல்லார் மனதிலும் அடி விலையே மாறிவிட்டது.

இன்னொரு வேடிக்கை. 2024-லிருந்து மலைப் பகுதியிலும் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எனக்கு இது 100 சதவீத இறக்கம். நாளைக்கே ஒரு ரூபாய் கேட்டார்கள் என்றால் எத்தனை சதவீத ஏற்றம்? சொல்ல முடியாது. பூஜ்யத்தால் வகுக்க வழியில்லை. ஒரு ரூபாய் ஏற்றமும் ஐம்பது ரூபாய் ஏற்றமும் அந்தக் கணக்கில் ஒன்றுதான், இரண்டுக்கும் விடை கிடையாது.

13 ஆகஸ்ட்

ஜூலை மாதப் பணவீக்கம் 1.55 சதவீதம் என்று நேற்று வெளியிட்டிருக்கிறார்கள். பெரியப்பா செய்தித்தாளை மடித்து மேசைமேல் அடித்தார். “எந்தக் கடையில?”

அவர் கோபம் நியாயம், ஆனால் இடம் மாறி விழுகிறது. 1.55 என்பது போன ஜூலையைவிட எவ்வளவு கூடியது என்பது மட்டும். அதற்கு முன்னால் ஏறியது எல்லாம் அடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. முதலில் வெளியிட்ட கணக்குப்படி 2023 ஜூலையில் 7.44, தக்காளி எட்டாத உயரத்தில் இருந்த மாதம் ஞாபகம் இருக்கும். 2024 ஜூலையில் 3.54. இப்போது 1.55. 2022 ஜூலையில் 100 ரூபாய்க்கு வாங்கிய கூடை முதல் வருஷம் 107 ரூபாய் 44 காசு, அடுத்து 111 சொச்சம், இப்போது சுமார் 113. ஏறுகிற வேகம்தான் குறைந்தது. பர்லியாறு வளைவில் வண்டி மெதுவாகிறது என்றால் அது கீழே இறங்குகிறது என்று அர்த்தமா?

2024-ல் 3.54 என்று அவ்வளவு கீழே வந்ததற்கும் காரணம் பாதி 2023-தான். அடி விலை உயரத்தில் இருந்தால் அதன்மேல் ஏற்றம் சின்னதாகத் தெரியும். தக்காளி 150-லிருந்து 60 ஆனபோது பாராட்டியவர்கள், அது அதற்கு முன்னால் 25-ஆக இருந்ததை மறந்துவிட்டோம். நானும்தான்.

20 ஆகஸ்ட்

இது நீளம், நேரமிருப்பவர்கள் படிக்கலாம்.

தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கான விலைக் குறியீட்டு எண் ஒன்று உண்டு, பெரியப்பாவின் அகவிலை நிவாரணம் அதிலிருந்துதான் வருகிறது. அதற்கு விலை சேகரிக்கிற ஊர்களில் நம் குன்னூரும் ஒன்று. சேர்த்து வெளியிடுவது சிம்லாவை முகவரியாகக் கொண்ட தொழிலாளர் பணியகம். ஒரு மலையில் விலை கேட்டு இன்னொரு மலையில் கணக்கு எழுதுகிறார்கள். இதைச் சொன்னதும் பெரியப்பாவுக்கு ரொம்பப் பெருமை.

இந்த எண்ணை வைத்து மாமனாரின் தேயிலைக் கணக்கைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். மாமனாருக்குக் கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை. அவர் நோட்டில் 1998-ல் பச்சைத் தேயிலை கிலோ 18 ரூபாய் என்று இருக்கிறது. மலை முழுக்க உருளைக்கிழங்கைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்ட காலம். அந்த 18 ரூபாய் இன்றைக்கு எவ்வளவு?

குறியீட்டில் ஒரு சிக்கல், அடிப்படை ஆண்டு மாறிக்கொண்டே வரும். 1982-ஐ 100 என்று வைத்த வரிசையில் 1998-99-க்குச் சராசரி 414. இப்போதைய வரிசையில் 2016 தான் 100, அதில் இந்த ஜூனுக்கு 145. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விலை இறங்கிவிட்டது போலத் தெரியும்! நடுவில் 2001 வரிசை ஒன்று இருக்கிறது. புது வரிசையைப் பழைய வரிசையோடு இணைக்கக் கொடுத்திருக்கிற பெருக்கு எண்கள் 2.88-உம் 4.63-உம். 145-ஐ 2.88-ஆல் பெருக்கி, அதை 4.63-ஆல் பெருக்கினால் 1,933. அதை 414-ஆல் வகுத்தால் 4.67 மடங்கு. ஆக 1998-ன் 18 ரூபாய் இன்றைய 84 ரூபாய்.

இப்போது மாமனாருக்குக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நோட்டைக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்க் கொஞ்ச நேரம் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

21 ஆகஸ்ட்

நேற்றைய கணக்கில் தப்பில்லை, அகில இந்திய எண்ணைப் போட்டேன் என்பதைத் தவிர. குன்னூருக்கென்று தனி எண்ணும் தனிப் பெருக்கு எண்ணும் உண்டு, முடிவு கொஞ்சம் அசையும். ஆனால் இரவு தூங்காமல் யோசித்தது வேறு.

மாமனாரின் அதே நோட்டில் 2000-ல் கிலோ 6 ரூபாய். விலை விழுந்து ஊரே அழுத வருஷம். நான் ஏன் 1998-ஐ எடுத்தேன், 2000-ஐ எடுக்கவில்லை? 2000-01-க்குக் குறியீடு 444. 1,933-ஐ அதால் வகுத்தால் 4.4. அப்போதைய 6 ரூபாய் இன்றைக்கு 26 ரூபாய். அதாவது இன்றைய விலைக்கு ரொம்பத் தூரமில்லை. 1998-லிருந்து ஆரம்பித்தால் விவசாயி அழிந்துபோனான், 2000-லிருந்து ஆரம்பித்தால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வருஷ இடைவெளி.

விலை கேட்டுப் போராடும்போது நாங்கள் 1998-ஐச் சொல்வோம். தேயிலை வாங்குகிறவர்கள் 2000-ஐச் சொல்லலாம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. உச்சியிலிருந்தும் பள்ளத்திலிருந்தும் ஆரம்பிக்காமல் நாலைந்து வருஷச் சராசரியிலிருந்து ஆரம்பிப்பதுதான் முறை என்று எழுதினேன். மாமனாரிடம் அதைச் சொல்லவும் செய்தேன். “நீ எந்தப் பக்கம்மா?” என்று கேட்டார்.

தெரியவில்லை மாமா. கேரட் பக்கம்.

22 ஆகஸ்ட்

மேலே இருக்கும் கடைசி வரி வெறும் விளையாட்டுக்கு. என் கேரட் சிட்டையிலும் இதே தந்திரத்தைத்தான் செய்கிறேன். 15 மார்ச் கணக்கில் 30 ரூபாய் லோடும் 6 ரூபாய் லோடும் எடுத்தேனே, நடுவில் 14-க்கும் 17-க்கும் போன லோடுகள் நோட்டில் ஒட்டித்தான் இருக்கின்றன. அவற்றை உங்களிடம் சொல்லவில்லை.

24 செப்டம்பர்

சாக்லேட்டுக்கு வரி 18-லிருந்து 5 ஆகியிருக்கிறது, 22-ஆம் தேதியிலிருந்து. ஊட்டிக் கடைகளில் “13 சதவீதம் விலைக் குறைப்பு” என்று அட்டை. 13 புள்ளி சரி, 13 சதவீதம் இல்லை. வரிக்கு முன் 100 ரூபாய் என்றால் 118-க்கு விற்றது இப்போது 105. 13-ஐ 118-ஆல் வகுத்தால் 11. பெரியப்பாவின் 53, 55 கதைதான், வேறு உடுப்பில். கால் கிலோ வாங்கினேன், அட்டையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. வயதாகிறது.

6 அக்டோபர்

பூம்பாறைத் தம்பி திரும்பி வந்திருக்கிறான். பூண்டு 140-க்குக் கேட்கிறார்களாம். அதே வியாபாரி, “நாற்பது சதவீதம் ஏறியிருக்கு, இன்னும் என்ன வேணும்?” என்றாராம். தம்பி, “400-லிருந்து பார்த்தால் இன்னும் 65 சதவீதம் கீழே” என்றிருக்கிறான். வியாபாரி கொஞ்சம் யோசித்துவிட்டு, “அந்த 400-க்கு நீ எத்தனை கிலோ வித்தே?” என்று கேட்டிருக்கிறார். தம்பி விற்றது முப்பது கிலோ. மீதி எல்லாம் 180-க்கும் 120-க்கும் போயிருக்கிறது.

நல்ல கேள்வி, மார்ச் மாதத்திலேயே நான் கேட்டிருக்க வேண்டியது. எந்த விலைக்கு எவ்வளவு எடை என்று எழுதி அனுப்பு தம்பி, விலையை எடையால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுத்து உன் நிஜமான பழைய விலையைக் கண்டுபிடிப்போம். 400 இல்லை என்பது இப்போதே தெரிகிறது.

அப்புறம், விதைக்குப் போக மீதமிருந்தால் அஞ்சு கிலோ பழனி வழியாகப் பஸ்ஸில் போட்டுவிடு. 140-க்கே எடுத்துக்கொள்கிறேன்.

7 அக்டோபர்

வண்டிக் கூலி தனி என்கிறான். கிலோவுக்கு 12 ரூபாய் விழுமாம். 152. நானே வாங்கும்போது எட்டரை சதவீதம் ஏறிவிட்டது.

சரி, போடு.